ஊர் தென்காசி, ஓட்டு எங்கே?

2021 சட்டமன்றத் தேர்தலில் தென்காசித் தொகுதியின் முடிவு 370 ஓட்டு வித்தியாசத்தில் வந்தது. காங்கிரஸின் பழனி நாடார் ஜெயித்தார். தோற்ற அ.தி.மு.க. வேட்பாளர் செல்வமோகன்தாஸ் பாண்டியன் கோர்ட்டுக்குப் போனார். 2023 ஜூலையில் தபால் ஓட்டுகளை மறுபடி எண்ணிப் பார்த்தார்கள்; முடிவு மாறவில்லை. 370 என்பது தென்காசியில் ரெண்டு தெருக்காரர்கள் மனசு மாறினால் புரண்டுவிடும் எண்ணிக்கை. இப்படி நூலிழையில் முடிகிற ஊரில், வாக்காளர் பட்டியலில் யார் பெயர் இருக்கலாம், யார் பெயர் இருக்கக்கூடாது என்று டீக்கடையில் காரசாரமாகப் பேச்சு நடந்தால் அதில் ஆச்சரியமில்லை.

அரசியல் சாசனத்தின் 326-வது பிரிவு சுருக்கமாகத்தான் பேசுகிறது. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். (1989 வரை 21.) 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதோடு இன்னொன்றைச் சேர்க்கிறது: அந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருப்பவராக இருக்க வேண்டும். மூன்றில் தகராறு குறைவானது வயதுதான். மற்ற ரெண்டும் நம் வட்டாரத்தில் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல.

குடியிருப்பை முதலில் முடித்துவிடுவோம். சீசன் வந்தால் குற்றாலத்தில் பூட்டிக் கிடந்த பங்களாக்கள் திறக்கும். மதுரையிலும் சென்னையிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள், ஐந்தருவியில் குளிப்பார்கள், சாரல் நின்றதும் கிளம்புவார்கள். வீட்டு வரி ரசீது கையில் இருக்கிறது என்பதற்காகக் குற்றாலம் பூத்தில் பெயர் சேர்க்க முடியாது. வீடு சொந்தமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிடமாட்டார் என்று 1950 சட்டத்தின் 20-வது பிரிவு வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகச் சொல்கிறது. அதே பிரிவு மறுபக்கமும் பார்க்கிறது: பிழைப்புக்காகத் தற்காலிகமாக வெளியூர் போயிருப்பவர், அந்த ஒரு காரணத்தால் சொந்த ஊர் ஓட்டை இழக்கமாட்டார். திருப்பூர் போன பையனுக்கும், கேரளத்தில் கட்டட வேலைக்குப் போன கொத்தனாருக்கும் இந்த வரிதான் துணை.

இனி குடியுரிமை. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்களின் கதை இல்லாமல் இதைப் பேச முடியாது. மற்ற ஊர் ஆண்கள் தனியாகக் கப்பலேறிய காலத்தில், இவர்களில் பலர் பெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போனார்கள். துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் குடியேறினார்கள். அங்கே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-ல் உருவானது. உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை 1946-ல் தொடங்கியது அந்தச் சங்கம்தான். 1948-ல் அந்தத் தீவில் முதல் தேர்தல் நடந்தபோது பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு மட்டுமே ஓட்டு. இந்தியாவிலிருந்து போனவர்கள் பலர் அந்தக் கணக்கில் சேர்ந்ததால், வாக்காளர் பட்டியலில் இந்தியர்களின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களுக்கு இருந்த பங்கைவிட மிக அதிகமாக இருந்தது. 1957-ல் சிங்கப்பூர் தனக்கென்று குடியுரிமைச் சட்டம் போட்டது. 1959 தேர்தலில் குடிமக்கள் ஓட்டுப் போடுவது கட்டாயமானது. அந்த ஊரா, இந்த ஊரா என்று ஒவ்வொரு குடும்பமும் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது.

அந்த முடிவின் விளைவு இன்றைக்கும் வீட்டுக்குள் தெரிகிறது. ஒரே வாப்பாவின் பிள்ளைகளில் மூத்தவர் சிங்கப்பூர்க் குடிமகன், இளையவர் கடையநல்லூரில் ஜவுளிக்கடை. மூத்தவரிடம் இந்திய அரசு கொடுத்த ஓ.சி.ஐ. அட்டை இருக்கலாம். விசா இல்லாமல் வரலாம், போகலாம், வீடு வாங்கலாம். ஓட்டு மட்டும் கிடையாது. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்ற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது என்பது 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவு. பழைய பட்டியலில் பெயர் அப்படியே கிடந்தாலும் தப்பில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். தப்புதான். பட்டியலில் பெயர் இருந்தால்கூடத் தகுதியிழந்தவர் ஓட்டுப் போடக்கூடாது என்கிறது 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-வது பிரிவு. 'பேரு கிடந்துட்டுப் போகட்டும், ஊர்ப்பாசம்' என்று உம்மா சொன்னாலும், படிவம் 7 எழுதிக் கொடுத்து நீக்குவதுதான் முறை.

வளைகுடாவுக்குப் போனவர் கதை நேர் எதிர். துபாயிலும் சவூதியிலும் 30 வருஷம் உழைத்தாலும் அந்த நாடுகள் பொதுவாகக் குடியுரிமை தருவதில்லை. அதனால் அவர் இந்தியர்தான், இந்திய பாஸ்போர்ட்தான். 2010-ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி, இவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் படிவம் 6ஏ மூலம் பெயர் சேர்க்க வழி செய்தார்கள். ஆனால் ஓட்டுப் போட நேரில் வர வேண்டும், பூத்தில் அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க இப்படிப் பதிவு செய்திருந்தவர்கள் சுமார் 1.19 லட்சம் பேர். வந்து ஓட்டுப் போட்டவர்கள் 3,000-க்கும் குறைவு. ஒரு விரல் மைக்காக ரியாத்திலிருந்து டிக்கெட் போட்டு வரச்சொல்லும் உரிமையை உரிமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இடையில் ஒரு செங்கோட்டைச் சங்கதி. 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர் பக்கம். திருவிதாங்கூரில் 1948-லேயே வயதுவந்த எல்லாருக்கும் ஓட்டு வந்துவிட்டது. பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் போய்விடுகிற தென்காசியோ சென்னை மாகாணம். சொத்தும் வரியும் படிப்பும் பார்த்து ஓட்டுக் கொடுத்த காலம் முடிய அங்கே 1952 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. செங்கோட்டைக்காரர்கள் இதை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சரி, குடிமகன் என்பதற்கு என்ன சாட்சி? பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ எடுத்துப் பாருங்கள். வயதுக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று கேட்கிறது. குடியுரிமைக்குக் கேட்பது, 'நான் இந்தியக் குடிமகன்' என்ற உறுதிமொழியும் கையெழுத்தும்தான். பொய் என்றால் ஓராண்டு வரை சிறை. இது சட்டம் போட்டவர்களின் சோம்பேறித்தனம் இல்லை. நம் பீரோவில் குடியுரிமைச் சான்றிதழ் என்று ஒரு காகிதம் இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். ஆதார் குடியுரிமைக்குச் சான்றாகாது என்று ஆதார் சட்டமே சொல்கிறது. ரேஷன் கார்டு அரிசிக்கானது. பீடி சுற்றும் ஆலங்குளத்து ஆச்சிக்குப் பாஸ்போர்ட் எதற்கு? ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரைக் குடிமகனாகவே கொள்ள வேண்டும், சந்தேகம் வந்தால் முறையாக விசாரிக்காமல் நீக்கக்கூடாது என்று லால் பாபு ஹுசைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னதும் இந்த யதார்த்தத்தை வைத்துத்தான்.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது என்பது என் கருத்து. 2002, 2005 காலத்துப் பட்டியலில் உங்கள் பெயரையோ பெற்றோர் பெயரையோ காட்டுங்கள் என்றார்கள். தென்காசி தனி மாவட்டமானதே 2019-ல்தான்; ஆகவே பழைய பட்டியலைத் திருநெல்வேலி மாவட்டத்துக்குள் போய்த் தேட வேண்டும். நடுவில் 2008-ல் தொகுதி எல்லைகளும் மாறிவிட்டன. பாகம் எண் தெரியாமல் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்! ரொம்பச் சிரமப்பட்டது வாக்கப்பட்டு வந்த பெண்கள். புகுந்த வீட்டுப் பட்டியலில் அவர்கள் அப்போது இல்லை. பிறந்த வீட்டில் 'த/பெ' போட்டு இருந்திருப்பார்கள், அல்லது அதற்கும் வயது வராமல் இருந்திருப்பார்கள். அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தேடல் கைவிட்டுவிடும்.

டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. சொல்லப்பட்ட காரணங்களில் பெரும்பகுதி இறப்பு, இடம் மாறியது அல்லது ஆள் கிடைக்காதது, இரட்டைப் பதிவு. செத்தவர் பெயரை எடுத்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆரம்பத்திலிருந்து எழுப்பிய கூச்சல் அந்நியர்களைப் பற்றியது. பட்டியலிலிருந்து போனவர்களில் பெருங்கூட்டம் இடம் மாறியவர்கள் அல்லது வாசலில் ஆள் வந்தபோது வீட்டில் இல்லாதவர்கள். பிழைப்புக்கு ஊர் ஊராக அலைகிற மாவட்டத்தில் இதன் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை.

குடியுரிமைக் கேள்வி நிஜமாகவே உறுத்துவது இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில். தென்காசி மாவட்டத்திலும் அவை உண்டு. சட்டத்தின் கணக்கு தேதியில் இருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் குடிமகன். அதற்குப் பின் பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து நிபந்தனை இன்னும் இறுக்கம். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதைப் பிடித்துக்கொண்டு மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்காடினார். 2022-ல் தீர்ப்பு வந்தது, பாஸ்போர்ட் கிடைத்தது, 2024 ஏப்ரல் 19-ல் திருச்சியில் முதல் ஓட்டைப் போட்டார். ரெண்டு வருஷம் தள்ளிப் பிறந்திருந்தால் அந்த வழக்கே நின்றிருக்காது.

இலங்கை மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர் நிலைமை இதிலும் விநோதம். 1949-ல் இலங்கை அவர்கள் ஓட்டைப் பறித்தது. 1964 சாஸ்திரி-ஸ்ரீமாவோ ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா கையெழுத்திட்டது. முறைப்படி கப்பலில் வந்தவர்கள் இந்தியக் குடிமக்கள், ஓட்டுப் போடுகிறார்கள். யுத்தம் வந்து கப்பல் நின்ற பிறகு படகில் தப்பி வந்த அதே தோட்டத்து ஜனம் அகதி. 2019-ல் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் இவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னார். அதே வருடக் கடைசியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானோடு நின்றுவிட்டது. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு ஆவணமில்லாமல் இருந்ததற்கான தண்டனையிலிருந்து விலக்கு என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்தது. ஆனால் படிவம் 6-ல் குடியுரிமைக்கான அந்த உறுதிமொழிக்குக் கீழே அவர்கள் இன்னும் கையெழுத்துப் போட முடியாது.