இரவில் எத்தனை கைகள்? ஒரு முதியோர் இல்லத்தின் கணக்கு

பெரியம்மாவுக்கு 81 வயது. பக்கவாதத்தில் இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும், தானாகப் புரண்டு படுக்க முடியாது. பிள்ளைகள் இல்லை. தங்கை மக்கள் நாங்கள் 3 பேர்தான். 2023 ஜூனில் கோவைக்கு வெளியே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். 24 படுக்கைகள், வெளிச்சமான கூடம், வாசலில் வேப்பமரம். சேர்த்த அன்று எடை 52 கிலோ.

11 வாரம் கழித்து எடை 47.5 கிலோ. இடுப்புக்குக் கீழே, வால் எலும்பின்மேல், உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். மருத்துவர் அதை 3-ஆம் நிலை என்றார். தோல் முழுக்கப் போய், அடியிலுள்ள கொழுப்பு தெரியும் நிலை அது.

அன்றைக்கு வாங்கிய 80 பக்க நோட்டில் எழுதியவைதான் இந்தக் கட்டுரை. ஓர் இல்லத்தின், ஒரு குடும்பத்தின் கணக்கு இது. எல்லா இல்லங்களுக்கும் இதே தொகை வராது. ஆனால் கணக்குப் போடும் முறை எங்கும் ஒன்றுதான்.

28,000 எப்படி 43,600 ஆனது

இரண்டு பேர் தங்கும் அறைக்கு மாதம் 28,000 ரூபாய் என்றார்கள். முன்பணம் 3 மாதத் தொகை, 84,000. முதல் மாதம் முடிந்து வந்த பில் இது:

மாதக் கட்டணம்: 28,000
டயபர், நாளுக்கு 4 வீதம் 120, ஒன்று 45 ரூபாய்: 5,400
பிசியோதெரபி, 12 முறை, தலா 400: 4,800
மருந்து: 3,150
மருத்துவர் வருகை, 2 முறை: 1,000
கையுறை, துடைப்பான், களிம்பு: 1,250
மொத்தம்: 43,600

சொன்ன தொகைக்கு மேல் 15,600 ரூபாய். 100-க்கு 56 கூடுதல். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் ரசீது இருந்தது. 28,000-க்குள் என்னென்ன அடங்கும் என்று எழுதி வாங்காதது எங்கள் பிழை.

அந்த பில்லை நான் எத்தனையோ முறை படித்தேன். டயபர் எத்தனை, கையுறை எத்தனை என்று அது சொன்னது. பெரியம்மாவை ஓர் இரவில் எத்தனை முறை திருப்பிப் படுக்க வைத்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. புண் வந்தது அந்த எழுதப்படாத வரியில்.

இரவின் 1,440 நிமிடங்கள்

தானாகப் புரள முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும் என்பது செவிலியர் பணியின் பால பாடம். உடலின் பாரம் ஒரே இடத்தில் அழுந்தினால் அங்கே ரத்த ஓட்டம் நின்று தசை சாகத் தொடங்கும். நாளுக்கு 12 முறை; இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை 6 முறை.

அந்த இல்லத்தின் 24 பேரில் 14 பேர் படுத்த படுக்கை. இரவுக்கு 2 அட்டெண்டர்கள். பகலில் 3 பேர். நர்ஸ் ஒருவர், பகலில் 8 மணி நேரம் மட்டும். இரவில் அவசரம் என்றால் நர்ஸுக்குப் போன்.

இரண்டு பேர், 12 மணி நேரம்: 24 மணி நேரம், அதாவது 1,440 நிமிடம். செய்ய வேண்டிய வேலையை எதிரே எழுதினேன்.

திருப்பிப் போடுதல்: 14 பேர், தலா 6 முறை, மொத்தம் 84 முறை. இழுத்துப் போட்டால் தோல் உரியும் என்பதால் 2 பேர் தூக்க வேண்டும். ஒரு முறைக்கு 4 நிமிடம், 2 பேருக்கு 8. ஆக 672 நிமிடம்.
டயபர் மாற்றுதல்: 14 பேர், தலா 2 முறை, மொத்தம் 28 முறை. சுத்தம் செய்து, துடைத்து, களிம்பு தடவ 15 நிமிடம். ஆக 420.
விடியற்காலையில் பல் துலக்கி, உடம்பு துடைத்து, உடை மாற்ற: 14 பேர், தலா 20 நிமிடம். ஆக 280.
நடக்க முடிந்த 10 பேரைக் கழிவறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போக: தலா 2 முறை, 5 நிமிடம். ஆக 100.
மொத்தம்: 1,472 நிமிடம்.

கையில் இருப்பது 1,440. அந்த இருவரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், ஒரு நிமிடம் உட்காராமல், கண் அயராமல் 12 மணி நேரம் ஓடினாலும் 32 நிமிடம் குறைகிறது. யாராவது ஒருவருக்கு வாந்தி, ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்தார் என்றால் சொல்லவே வேண்டாம்.

நேரம் போதாதபோது எந்த வேலை விடுபடும்? காலை 10 மணிக்கு உறவினர் வருவார்கள். முகம் கழுவியிருக்க வேண்டும், தலை வாரியிருக்க வேண்டும், நைட்டி சலவையில் எடுத்ததாக இருக்க வேண்டும். அது விடுபடாது. நாற்றம் வெளியே தெரியும் என்பதால் டயபரும் விடுபடாது. இரவு 2 மணிக்கு ஒருவரை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் திருப்பியதை யாரும் பார்ப்பதில்லை. விடுபடுவது அதுதான்.

இரவுப் பணியில் இருந்த பெண்ணுக்கு 26 வயது, ராமநாதபுரம் பக்கம். புண்ணைப் பார்த்துவிட்டு அழுதவர் அவர். "ரெண்டு மணிக்குப் பாட்டியத் திருப்பிப் போட்டா, பக்கத்து ரூம் தாத்தாவ விட்டுறணும்ணே. யார விடுறதுன்னுதான் ராத்திரி பூரா யோசனை" என்றார். வாரத்துக்கு 6 இரவு, 12 மணி நேரம் வீதம், 72 மணி நேரம் உழைக்கிறவர். அவர்மேல் கோபப்பட எனக்கு வழியே இல்லை.

எடைக் கருவி சொன்னது

புண்ணுக்கு முன்பே இன்னோர் எண் எச்சரித்திருக்கிறது, நாங்கள் கேட்கவில்லை. முதியவர் ஒருவரின் எடை 1 மாதத்தில் 5 விழுக்காடோ, 3 மாதத்தில் 7.5 விழுக்காடோ, 6 மாதத்தில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தால் அதைக் குறிப்பிடத்தக்க இழப்பாக மருத்துவத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். பெரியம்மா இழந்தது 52-இல் 4.5 கிலோ, 8.7 விழுக்காடு, அதுவும் 3 மாதம் ஆகும் முன்பே. ஊட்டம் குறைந்த உடலில் புண் எளிதில் வரும், மெதுவாக ஆறும்.

சாப்பாடு குறைவாகப் போடவில்லை. தட்டு நிறையவே வந்தது. ஒரு மதியம் பக்கத்தில் இருந்து கடிகாரம் பார்த்தேன்: அவருக்கு ஊட்டிய நேரம் 7 நிமிடம். பக்கவாதம் வந்த தொண்டைக்கு ஒவ்வொரு வாயும் மெதுவாக இறங்க வேண்டும். நான் ஊட்டியபோது அதே அளவு சாதத்துக்கு 28 நிமிடம் ஆனது, தட்டு காலியானது. 7 நிமிடத்தில் பாதித் தட்டு திரும்பிப் போயிருந்தது.

தண்ணீரும் அப்படியே. வயதான பெண்களுக்கு நாளுக்குக் குறைந்தது 1.6 லிட்டர் பானம் வேண்டும் என்பது ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவர்களின் வழிகாட்டல். ஒரு லிட்டர் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். மறுநாள் அதே நேரத்துக்குக் குறைந்திருந்தது 350 மி.லி. அடிக்கடி டயபர் மாற்ற வேண்டியிருக்குமே என்ற பயத்தில் அவரே வேண்டாம் என்று சொல்லிவந்தாராம்.

சோறும் தண்ணீரும் இருந்தன. அவற்றை வாய்க்குள் சேர்க்கும் நிமிடங்கள் இல்லை.

அமெரிக்காவின் 209, இங்கே 170

ஒரு முதியவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை நிமிடப் பராமரிப்பு வேண்டும்? இதற்கு எண் சொல்ல முயன்ற நாடுகளில் ஒன்று அமெரிக்கா. 2001-இல் அந்நாட்டு அரசுக்காக நடந்த ஆய்வு 4.1 மணி நேரம், அதாவது 246 நிமிடம் என்ற அளவைச் சொன்னது. அங்கே முதியோர் செவிலிய இல்லங்களுக்கு 1 முதல் 5 நட்சத்திரம் வரை தர மதிப்பீடு 2008 முதல் உண்டு. ஆள்பலமும் அதில் ஓர் அளவுகோல். 2024-இல் கொண்டுவந்த விதி, ஒருவருக்கு நாளுக்கு 3.48 மணி நேரம், சுமார் 209 நிமிடம் என்று குறைந்தபட்சம் வைத்தது. ஆள் கிடைக்காது, செலவு தாங்காது என்று இல்ல உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 ஏப்ரலில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது. செல்வம் மிகுந்த நாட்டிலேயே இந்த எண்ணுக்கு இவ்வளவு எதிர்ப்பு.

எங்கள் இல்லத்தின் எண்: 5 அட்டெண்டர்கள், தலா 12 மணி நேரம், 60. நர்ஸ் 8. மொத்தம் 68 மணி நேரத்தை 24 பேருக்குப் பங்கிட்டால் 170 நிமிடம். அதிலும் தரை துடைப்பது, துணி மடிப்பது, சமையலறையிலிருந்து தட்டு தூக்கி வருவது எல்லாம் அடக்கம்.

நம் சட்டத்தில் இந்த எண்ணைத் தேடினேன். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது. அதன் 19-ஆம் பிரிவு, ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்கும் இல்லத்தை மாவட்டத்துக்கு ஒன்றாவது மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் கட்டினாலும் 5,700 இடம். பிள்ளைகளிடமிருந்து தீர்ப்பாயம் வாங்கித் தரும் பராமரிப்புத் தொகைக்கு உச்ச வரம்பு மாதம் 10,000. எங்கள் முதல் பில்லில் கால் பங்குகூட இல்லை. முதியோர் இல்லங்களைப் பதிவு செய்யவும் குறைந்தபட்சத் தரம் வகுக்கவும் வழிசெய்யும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. நிறைவேறாமல் 2024-இல் அந்த அவையோடு காலாவதியானது.

2021-க்கான மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 13.6 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். 2031-இல் அது 18.2 ஆகும். கேரளத்துக்கு அடுத்து நாம்தான். முதியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டோம். அவர்களைத் தூக்கிப் படுக்க வைக்கும் கைகள் எத்தனை என்று இன்னும் எண்ணத் தொடங்கவில்லை.

இன்னொரு ஆளுக்கு எவ்வளவு?

இரவுக்கு 3-ஆவது ஆள் போட என்ன செலவு? 12 மணி நேரம், 7 இரவு: வாரத்துக்கு 84 மணி நேரம். ஒருவர் வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் உழைக்கக் கூடாது என்று வைத்தேன். 72 மணி நேரம் என்று போட்டால் தொகை குறையும். ஆனால் பெரியம்மாவின் உறக்கத்துக்காக இன்னொரு வீட்டுப் பெண்ணின் உறக்கத்தைப் பிடுங்கும் கணக்கை எழுத எனக்குக் கை வரவில்லை. 84-ஐ 48-ஆல் வகுத்தால் 1.75 ஆள்.

சம்பளம், சாப்பாடு, பி.எஃப். எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு 18,000 என்று உரிமையாளரே சொன்னார். 1.75 ஆளுக்கு 31,500. இதை 24 படுக்கைக்குப் பங்கிட்டால் மாதம் 1,312 ரூபாய் 50 காசு. நாளுக்கு 43 ரூபாய் 75 காசு.

ஒரு டயபர் 45 ரூபாய்.

அந்த 11 வாரத்துக்கு, 77 நாளுக்கு, பெரியம்மாவின் பங்காக வந்திருக்க வேண்டியது சுமார் 3,369 ரூபாய். அது செலவாகாததால் ஆன செலவு: மருத்துவமனையில் 9 நாள், 86,400. ஆல்பா பெட் எனும் காற்று மெத்தை, 3,200. புண்ணுக்குக் கட்டுப் போட 62 நாள், தலா 350, 21,700. மொத்தம் 1,11,300. அதாவது 33 மடங்கு. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் அவர் என் மணிக்கட்டை வலக்கையால் இறுகப் பிடித்துக்கொள்வார். அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல் நோட்டின் ஓரத்தில் நாள்களை மட்டும் குறித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

இந்தக் கணக்கை நகல் எடுத்து மற்றக் குடும்பங்களுக்குக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை 11 குடும்பங்கள் வந்தன. முதல் அரை மணி நேரம் குற்றச்சாட்டுகள்: காணாமல் போன புடவை, ஆறிப்போன காப்பி, எடுக்காத போன். பிறகு ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுந்து, 1,472 என்ற எண்ணை உரிமையாளரிடம் காட்டி, "இதில் எந்த வரி தப்புங்க, சொல்லுங்க" என்று கேட்டார். உரிமையாளர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "தப்பு இல்லீங்க. ஆளும் கிடைக்கறதில்லை, கட்டணத்தைக் கூட்டினா நீங்களும் சண்டைக்கு வருவீங்க" என்றார். நியாயமான பதில்.

கட்டணத்தை 1,400 ரூபாய் உயர்த்த ஒப்புக்கொண்டோம். அதை இரவு ஆளுக்கே செலவிட வேண்டும் என்று எழுதி வாங்கினோம். ஆள் கிடைக்க 5 வாரம் ஆனது. இப்போது ஒரு நாளைக்கு ஒருவருக்கு 200 நிமிடம். கட்டிலருகே ஒரு தாள் தொங்குகிறது: மணி, எந்தப் பக்கம், யார் திருப்பியது. மாதம் இருமுறை எடை. கூட்டத்துக்கு முந்திய 6 மாதத்தில் அந்த இல்லத்தில் 4 பேருக்குப் படுக்கைப் புண். பிந்திய 6 மாதத்தில் ஒருவருக்கு. அந்த ஒருவரும் இருக்கக் கூடாதுதான்.

முன்பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய எண்கள்

இப்போது யாராவது நல்ல இல்லம் எது என்று கேட்டால் நான் பெயர் சொல்வதில்லை. இந்த 7 எண்களைக் கேட்கச் சொல்கிறேன்.

1. படுத்த படுக்கையாக எத்தனை பேர்?
2. இரவு 2 மணிக்கு விழித்திருப்பவர்கள் எத்தனை பேர்?
3. நர்ஸ் எத்தனை மணி நேரம்?
4. அட்டெண்டர்களுக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை, எத்தனை நாள் விடுப்பு?
5. கடந்த 6 மாதத்தில் எத்தனை பேருக்குப் படுக்கைப் புண்?
6. எடை எத்தனை நாளுக்கு ஒருமுறை, அது எந்த நோட்டில் இருக்கிறது?
7. மாதக் கட்டணத்துக்கு வெளியே சென்ற மாதம் சராசரியாக எவ்வளவு பில்?

தரைக் கல்லையும் தோட்டத்தையும் பகலில் பாருங்கள். பிறகு முன்னறிவிப்பு சொல்லாமல் ஒருமுறை இரவு 9 மணிக்கு மேல் போய் நில்லுங்கள்.

பெரியம்மாவின் எடை இப்போது 49.2 கிலோ. புண் ஆறிவிட்டது. சென்ற வாரம் தாளைப் புரட்டிப் பார்த்தேன். அதிகாலை 2:10, வலப்பக்கம், கீழே இரண்டு பெயர்களின் முதலெழுத்துகள். 2 மணிக்கு எழுத வேண்டியதை 2:10 என்று உள்ளபடி எழுதியிருந்தார்கள். அதன்பின் வரிசையாக 4:00, 6:05.