கோரையைப் பெருக்கும் உழவு

கமக்காரர்களிற் பலர் கோரையைக் காணியின் குறை என்றே எண்ணுகின்றனர். உண்மையில் அது பெரும்பாலும் நாம் மண்ணைக் கையாளும் முறையினாற் பெருகுவதாகும். மரநிழல் அடர்ந்த நிலத்திற் கோரை செழிப்பதில்லை. நிலத்தை வெளியாக்கி, கொத்தி, நீரும் பசளையும் இட்டு வெங்காயம் நடும்போதே அதற்கு நல்ல காலம் பிறக்கின்றது.

ஒரு கோரைச் செடியை ஆழமாகத் தோண்டிப் பாருங்கள். மெல்லிய நிலக்கீழ்த் தண்டுகளாற் கோக்கப்பட்ட கிழங்குகள் மணிமாலைபோற் கிடக்கும். அவற்றுட் சில முளைத்து நிற்கையில் ஏனையவை உறங்கிக் கிடக்கும். கலப்பை அத்தொடரை அறுத்துவிட்டால், உறங்கிய கிழங்குகளும் தனித்தனியே முளைவிடும். ஈரமண்ணைச் சுழற்கலப்பையால் உழுது, மண் பூப்போல் வந்ததென மகிழ்ந்த ஒருவர், இருபதாம் நாளில் வெங்காயத்திலும் கோரையே அடர்ந்திருக்கக் கண்டு என்னிடம் வந்து வருந்தினார். அவர் சோம்பியிருந்தவர் அல்லர்; உழைத்தே கெட்டார். இலையை மட்டும் அறுப்பதாலும் பயனில்லை. தளிர் தோன்றி மூன்று வாரமளவிலேயே புதுக்கிழங்கு உருவாகத் தொடங்கிவிடும்.

உழவை விடுமாறு கூறவில்லை. அதன் காலத்தை மாற்றுங்கள். சிறுபோக அறுவடை முடிந்ததும், ஆவணி வெயிலில், உலர்ந்த மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குக் கட்டிகட்டியாகப் புரட்டுங்கள். கிழங்குகளிற் பெரும்பகுதி அவ்வாழத்திலேயே உள்ளது. வெயிலில் இரண்டு வாரம் நன்கு காய்ந்த கிழங்கு செத்துவிடும். மண்ணுட் புதைந்தது சாகாது. ஆதலால் மறுமுறையும் புரட்டுங்கள். இடையில் நீர் பாய்ச்ச வேண்டாம். மழையோடு முளைப்பவற்றை மூன்று வாரத்துக்குள் கிழங்கோடு அகற்றுங்கள்; வரம்பில் எறிந்துவிட்டால் அவை அங்கேயே வேரூன்றும். பின்னர் கௌபிபோல விரைவிற் படர்ந்து நிழல் தரும் பயிரை இடுவது நன்று.

வயலில் நிலைமை வேறு. நாற்று நட்டு நீர் கட்டிய வயலில் நெற்சப்பி முளைப்பது அரிது. சேற்றில் விதைத்து, நெல் முளைப்பதற்காக நீரை வடிக்கும்போது அதுவும் உடன் முளைக்கும். நேரடி விதைப்புப் பரவியபின், 1990ஆம் ஆண்டுகள் தொடக்கம் பன்றி நெல்லும் நம் வயல்களிற் பெருந்தொல்லையாயிற்று. அதன் மணி அறுவடைக்கு முன்னரே உதிர்ந்து மண்ணிற் சேர்வதால், அரிவாளுக்குத் தப்பி அடுத்த போகத்துக்குக் காத்திருக்கும். தொல்லை மிகுந்த வயலில் ஒரு போகமேனும் நாற்று நடுங்கள். அதற்கு ஆட்கூலி கட்டுப்படியாகாவிடில், விதைப்புக்கு முன் வயலை நனைத்து, முளைத்தவற்றை உழுது மடித்த பின்னரே விதையுங்கள். அறுவடை இயந்திரம் அயல் வயலிலிருந்து வருமாயின், அதனுள்ளே தங்கிய மணிகளைத் துப்புரவாக்கிய பின்னரே உங்கள் வரம்பைத் தாண்ட விடுங்கள்.