8080-ல் உட்கார்ந்திருப்பது யார்?

கல்லூரியில் ஜாவா படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், உங்கள் புதுக் கம்ப்யூட்டரில் சீக்கிரமே டாம்கேட் என்ற இலவச சர்வர் புரோகிராமும் ஏறிவிடும். ஜாவாவில் எழுதிய இணையப் பக்கங்களை நம் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்க இது உதவுகிறது. இதை ஸ்டார்ட் செய்யும்போது சில நேரம் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று பிழைச் செய்தி வரும். பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை.

செங்கல்பட்டு ஜங்ஷனில் ஒரு பிளாட்பாரத்தில் அரக்கோணம் வண்டி நின்றால், அதே பிளாட்பாரத்திற்கு அடுத்த வண்டி வர முடியாது. கொளவாய் ஏரிக்கரையில் சிக்னலுக்காக நிற்க வேண்டியதுதான். கம்ப்யூட்டரிலும் 0 முதல் 65535 வரை எண்ணிட்ட பிளாட்பாரங்கள் உண்டு. இவற்றைத்தான் போர்ட் என்கிறோம். டாம்கேட் வழக்கமாகக் கேட்பது 8080. அங்கே வேறு புரோகிராம் இருந்தால் ரயிலைப் போலக் காத்திருக்காது, பிழையைக் காட்டி ஒதுங்கிவிடும்.

எங்கள் தெருவில் எம்.சி.ஏ. படிக்கும் பெண்ணுக்கு மறுநாள் புராஜெக்ட் ரிவ்யூ. "அங்கிள், கடையில காட்டினோம். ஃபார்மேட் பண்ணா சரியாயிடும்னு சொல்றாங்க. பண்ணிடலாமா?" என்றாள். பண்ணினால் பிழையோடு மூன்று மாத உழைப்பும் போய்விடும். எதற்கெடுத்தாலும் ஃபார்மேட் என்பது எனக்குப் பிடிக்காத வைத்தியம்.

விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, சிஎம்டி என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் செய்யுங்கள். வரும் கறுப்புத் திரையில் நெட்ஸ்டாட் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, மைனஸ் குறியும் அதையொட்டி ஏ, என், ஓ என்ற சிறிய எழுத்துக்களும் கொடுத்து என்டர் தட்டுங்கள். 8080 என்றும் 'லிசனிங்' என்றும் உள்ள வரியின் கடைசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் பி.ஐ.டி. டாஸ்க் மேனேஜரில் 'டீடெயில்ஸ்' பகுதிக்குப் போனால் அந்த எண் எந்தப் புரோகிராமுடையது என்று தெரியும்.

அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டரில் இருந்தது டிஎன்எஸ்எல்எஸ்என்ஆர். ஆரக்கிள் டேட்டாபேஸின் லிசனர் இது. ஆரக்கிள் எக்ஸ்பிரஸ் எடிஷனின் 10ஜி, 11ஜி பதிப்புகள் தங்கள் நிர்வாகப் பக்கத்துக்கு வழக்கமாக இதே 8080-ஐத்தான் பிடித்துக்கொள்ளும். உடனே 'எண்ட் டாஸ்க்' கொடுக்கக் கை துறுதுறுக்கும். கொடுத்தால் டாம்கேட் ஓடும். ஆனால் புராஜெக்ட்டால் டேட்டாபேஸைத் தொடர்பு கொள்ள முடியாது! ஆகவே நகர வேண்டியது டாம்கேட்தான்.

டாம்கேட் ஃபோல்டருக்குள் 'கான்ஃப்' ஃபோல்டரில் சர்வர்.எக்ஸ்எம்எல் என்ற ஃபைல் இருக்கும். முதலில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். பிறகு நோட்பேடில் திறந்து, கனெக்டர் வரியில் உள்ள 8080-ஐ 8081 ஆக்கி சேவ் செய்து, டாம்கேட்டை மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். பிரவுசரிலும் லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 8081 என்றே கொடுக்க வேண்டும். எக்ளிப்ஸ் வழியாக ஓட்டுபவர்கள் அதன் 'சர்வர்ஸ்' பகுதியில் டபுள் கிளிக் செய்து மாற்ற வேண்டும். எக்ளிப்ஸ் தனக்கென்று வேறு காப்பி வைத்திருக்கும்.

8080-ஐப் பிடித்திருப்பது ஜாவா அல்லது ஜாவாடபிள்யூ என்றால், பெரும்பாலும் அது நீங்கள் சரியாக மூடாத பழைய டாம்கேட். அதை 'எண்ட் டாஸ்க்' செய்யலாம். பி.ஐ.டி. 4, 'சிஸ்டம்' என்று வந்தால் தொடாதீர்கள், டாம்கேட்டின் எண்ணையே மாற்றுங்கள். 8080-ஐ மாற்றிய பிறகும் 8005 என்று பிழை வந்தால், வேறொரு டாம்கேட் பின்னணியில் ஓடுகிறதா என்று பாருங்கள். டாம்கேட்டை நிறுத்தும் கட்டளைக்கான போர்ட் அது.