சாட்சிகளின் மானம்
கற்பனை இனங்கள் – 12: க்ளிங்கான்கள்

க்ளிங்கான் என்றதும் மேடு தட்டிய நெற்றியும் பிறைபோல் வளைந்த பாட்லெத் ஆயுதமும் கண்முன் வருகின்றன. சண்டைக்கென்றே பிறந்த விண்வெளி இனம் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். சென்ற வாரம் அவர்களுடைய மொழியைப் பார்த்தோம். இந்த வாரம் சடங்குகள். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடர்கள் காட்டும் சடங்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அவை சண்டைக்குக் கட்டுப் போடுவதற்காக ஏற்பட்டவை என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கட்டின் பெயர் மானம். வீரன் தன் நெஞ்சுக்குள் ஒளித்து வைத்துக்கொள்ளும் சொத்தல்ல அது. பார்த்து நிற்பவர்கள் கொடுக்கிறார்கள்; அவர்களே பறித்தும் கொள்கிறார்கள்.

சாவுச் சடங்கிலேயே இது தெரிகிறது. 1988-ல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் இறந்த வீரனின் இமைகளைத் திறந்து கண்ணுக்குள் உற்றுப் பார்க்கிறார்கள். பிறகு அண்ணாந்து அடித்தொண்டையிலிருந்து கர்ஜிக்கிறார்கள். ‘வீரன் ஒருவன் வருகிறான்’ என்று ஏற்கெனவே மாண்டவர்களுக்கு விடுக்கும் எச்சரிக்கை அது. அதோடு சரி, உயிர் போன உடல் வெறும் கூடு, அதை என்ன செய்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. சாவுக்குத் தேவை சமாதி அல்ல, சாட்சி. ஆளாகும் சடங்கும் இப்படித்தான். வலியூட்டும் கோல்களோடு இரு வரிசையாக நிற்பவர்களுக்கு நடுவே நடந்து, தன் மனத்தின் ஆழத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேற்றுக் கப்பலில் பணியாற்றும் வோர்ஃப் என்ற க்ளிங்கான், தான் ஆளான சடங்கின் பத்தாம் ஆண்டு நிறைவின்போது எரிந்து எரிந்து விழுகிறான். நண்பர்கள் அந்தச் சடங்கை ஏற்பாடு செய்து, உடன் நின்று பார்த்த பிறகுதான் அமைதியாகிறான். வலியைத் தாங்க அவனால் தனியாகவே முடியும். ஆனால் யாரும் பார்க்காத வலிக்கு அங்கே மதிப்பில்லை.

இந்த ஏற்பாட்டின் வலிமையையும் ஓட்டையையும் சேர்த்துக் காட்டுவது 1990-ல் வந்த அத்தியாயம். வோர்ஃபின் தந்தை மோக், கிட்டோமர் என்ற இடத்தில் தன் இனத்தையே காட்டிக்கொடுத்தார் என்று பழி. உண்மையில் துரோகம் செய்தவன், க்ளிங்கான் அவையில் இடம்பெற்ற டூராஸ் என்பவனின் தந்தை. அவையின் தலைவருக்கும் அது தெரியும். ஆனால் டூராஸின் குடும்பம் செல்வாக்கானது. உண்மை வெளியே வந்தால் பேரரசு உள்நாட்டுப் போரில் உடைந்துபோகும். வோர்ஃப் பழியைத் தானே ஏற்கிறான். அவையினர் கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, ஒருவர் பின் ஒருவராக அவனுக்கு முதுகு காட்டுகிறார்கள். பொய்யால் பிழைத்த டூராஸும் திரும்புகிறான். உண்மை தெரிந்த சொந்தத் தம்பி கர்னும் அண்ணன் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் திரும்புகிறான். சடங்கில் இம்மியும் பிசகில்லை. அதன் உள்ளே இருந்ததோ முழுப் பொய். ஒருவனும் வாளை உருவவில்லை, போர் தடுக்கப்பட்டது. அந்த வகையில் சடங்கு தன் வேலையைச் செய்துவிட்டது. சாட்சிகளே பொய் சொன்னால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் அதனிடம் பதில் இல்லை.

இது பல எழுத்தாளர்கள் பல காலத்தில் ஒட்டுப்போட்ட கற்பனை, இதில் ஒழுங்கான பண்பாட்டைத் தேடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1967-ல் ஜீன் எல். கூன் எழுதிய முதல் கதையில் இந்த மானம் இல்லை. கோர் என்ற தளபதி ஆயுதமற்ற 200 பேரைக் கொல்லச் சொல்கிறான். பனிப்போர் காலத்து அமெரிக்கா தன் எதிரியை எப்படிப் பார்த்ததோ, அப்படி வரையப்பட்டவர்கள் அவர்கள். நெற்றி மேடுகூட 1979 திரைப்படத்தில்தான் வந்தது. ஆனால் நான் சொல்லும் இழை தற்செயலானதல்ல. 1990-ன் அந்த அவைக் காட்சியை எழுதியவர்களில் ஒருவரான ரொனால்ட் டி. மூர்தான், ஒன்பது ஆண்டுகள் கழித்து, அதே ஓட்டைக்குத் திரும்பி வந்து கணக்கை முடித்தார். இன்னொரு மறுப்பு, இது கொலைக்குப் புனிதம் பூசுகிறது என்பது. தலைவன் பலவீனப்பட்டால் அவனைக் கொல்வது துணைத்தலைவனின் கடமை என்ற வழக்கம் எனக்கும் உறுத்துகிறது. ஆனால் 2003-ல் வந்த அத்தியாயம் ஒன்றில் கோலோஸ் என்ற முதிய வழக்கறிஞர் வருகிறார். கதைப்படி வோர்ஃபுக்கு இரு நூற்றாண்டு முந்தியவர். அவருடைய தந்தை ஆசிரியர், தாய் உயிரியலாளர். வீரர் கூட்டம் மற்ற எல்லாரையும் ஓரம் கட்டியது தன் காலத்தில்தான் என்று மனம் நொந்து சொல்கிறார். அப்படியானால் கொலைவெறி அந்த இனத்தின் இரத்தத்தில் இல்லை. ஒரு வகுப்பார் மானத்தைத் தமக்கு மட்டுமே உரியதாக ஆக்கிக்கொண்டதன் விளைவு அது.

1999-ல் மூர் எழுதிய அத்தியாயத்தில், இந்தப் பேரரசு செத்துக்கொண்டிருக்கிறது, சாகத்தான் வேண்டும் போலும் என்று சக அதிகாரி எஸ்ரி டாக்ஸ் வோர்ஃபிடம் சொல்கிறாள். மேலிடத்து ஊழலை உன்னைப் போன்ற நேர்மையானவனே பொறுத்துப் போகிறாயே என்பது அவள் கேள்வி. முதுகு காட்டிய அந்த அவையைப் பொறுத்துக்கொண்டவன் அவன்தானே. அடுத்து, தன் புகழுக்காகப் படைகளைப் பலிகொடுக்கும் தலைவன் கௌரானை எல்லாருக்கும் முன்னால் வோர்ஃப் எதிர்க்கிறான், சண்டையிட்டுக் கொல்கிறான். வழக்கப்படி தலைமை அவனுக்கு. அவனோ தலைவனுக்குரிய மேலங்கியை எடுத்து, தயங்கி நிற்கும் தளபதி மார்டோக்கின் தோளில் போர்த்துகிறான். இம்முறை சுற்றி நின்ற யாரும் முதுகைத் திருப்பவில்லை.