ஊசி போட்டும் காய்ச்சல் வருதா? போலீஸ்காரங்க கணக்கை பாருங்க!

முசிறி:

மழைக்காலம் வந்துட்டால் முசிறியில் வீட்டுக்கு ஒருத்தர் இருமுவது வழக்கம். ஃப்ளூ தடுப்பூசி பேச்சை எடுத்தால் போதும், டீக்கடையில் ஒருத்தராவது கேட்பார்: "எங்க மாமா போட்டார், அவருக்கும் காய்ச்சல் வந்துச்சே. அப்புறம் எதுக்குய்யா ஊசி?"

கேள்வி நியாயம்தான். ஆனால் ஒரே ஒரு மாமாவை வைத்து ஊசியை எடை போட முடியாது. அந்த கணக்கை எப்படி போடுவது என்பதற்கு நம்ம தமிழக போலீசே உதாரணம்.

2021-ல் கொரோனா 2-வது அலை அடித்தபோது, 1 லட்சத்து 17 ஆயிரத்து 524 போலீசாரின் விவரங்களை சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் அலசியது. ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாவுக்கு பலியானவர்கள் 31 பேர். அதில் ஊசியே போடாதவர்கள் 20. ஒரு டோஸ் போட்டவர்கள் 7. இரண்டு டோசும் போட்டவர்கள் 4.

"பார்த்தியா, போட்டவனும்தான் செத்திருக்கான்" என்று இங்கேயே நிறுத்தினால் தப்பு. ஊசி போடாதவர்கள் மொத்தமே 17 ஆயிரத்து 59 பேர்தான். இரண்டு டோஸ் போட்டவர்களோ 67 ஆயிரத்து 673 பேர்! ஆயிரம் பேருக்கு எத்தனை சாவு என்று வகுத்தால், போடாதவர்களில் 1.17, இரண்டு டோஸ் போட்டவர்களில் வெறும் 0.06. அதாவது 100 உயிர் போக வேண்டிய இடத்தில் 5. பலன் 95 சதவீதம் என்று அறிவித்தது இப்படித்தான். ஒரு டோசுக்கு 82 சதவீதம்.

ஃப்ளூ ஊசியில் ஒரு சிக்கல். உடம்பை நல்லா பார்த்துக்கிறவங்கதான் ஊசிக்கும் முதல் ஆளாக ஓடுவார்கள். அவர்களுக்கு நோய் வராததற்கு ஊசி காரணமா, பழக்கம் காரணமா?

அதனால் டாக்டர்கள் வேறு வழி பிடித்தார்கள். காய்ச்சல், இருமலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எடுத்து, மூக்கில் சளி எடுத்து சோதிக்கிறார்கள். உதாரணத்துக்கு, ஃப்ளூ உறுதியான 100 பேரில் 20 பேர் ஊசி போட்டவங்க, 80 பேர் போடாதவங்க. ஃப்ளூ இல்லாத 90 பேரில் 30 பேர் போட்டவங்க, 60 பேர் போடாதவங்க. முதல் கூட்டத்தில் 4-க்கு 1, அடுத்ததில் 2-க்கு 1. சரிபாதி. ஊசியின் பலன் 50 சதவீதம். எல்லாருமே ஆஸ்பத்திரி தேடி வந்தவங்க என்பதால் ஓரவஞ்சனை குறையும்.

நிஜத்திலும், ஊசி அந்த வருஷத்து கிருமிக்கு நன்றாக பொருந்தினால் பலன் 40 முதல் 60 சதவீதம் வரைதான். கிருமி உருமாறுவதால் ஊசியையும் மாற்றுகிறார்கள், கணக்கையும் வருஷா வருஷம் புதுசா போடுகிறார்கள்.

மாமா விஷயம்? அவருக்கு வந்தது ஃப்ளூதானா என்று யாரும் சோதித்து பார்க்கவில்லையே! சாதா சளிக்காய்ச்சலையோ டெங்குவையோ ஃப்ளூ ஊசி தடுக்காது.