கல்யாண ஃபுட்டேஜை எந்த ஹார்ட் டிஸ்க்கில் வைப்பது?

ஒரு கல்யாணத்துக்கு மூன்று கேமரா போகிறது என்று வைத்துக்கொள்வோம். முந்தின நாள் மாலை வரவேற்பில் தொடங்கி, மறுநாள் விடியற்காலைச் சடங்குகள், முகூர்த்தம், பந்தி வரை ஒவ்வொரு கேமராவும் ஆறு மணி நேரம் ஓடுகிறது. மிரர்லெஸ் கேமராக்களில் 4கே வீடியோவுக்குப் பலரும் வைப்பது நொடிக்கு 100 மெகாபிட். அதை எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்.பி., மணிக்கு 45 ஜி.பி. மூன்று கேமராவுக்கும் சேர்த்து 810 ஜி.பி. ஆகிறது. ட்ரோன், ஸ்டில்ஸ் எல்லாம் சேர்ந்தால் ஒரே கல்யாணம் 1 டி.பி.யை நெருங்கிவிடும். வைகாசியிலும் ஆவணியிலும் அடுத்தடுத்து முகூர்த்தங்கள் வரும்போது, நாளைய ஷூட்டுக்குக் கார்டுகளைக் காலி செய்தாக வேண்டிய அவசரத்தில், இவ்வளவும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் போய் இறங்குகிறது. கார்டை ஃபார்மேட் செய்த பிறகு அந்தக் குடும்பத்தின் தாலிகட்டு இருப்பது அந்த ஒரு பெட்டிக்குள் மட்டும்தான்.

சென்னை ரிச்சி தெருவில் டிஸ்க் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி நல்லது என்றுதான். ஹார்ட் டிஸ்க்கைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி அதிக தூரம் போகாது. உலகத்தில் ஹார்ட் டிஸ்க் தயாரிக்கும் நிறுவனங்கள் இன்று மூன்றுதான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. எடிட்டர்கள் கையில் அடிக்கடி தென்படும் ஆரஞ்சு ரப்பர் உறை போட்ட லாசியும் 2012 முதல் சீகேட்டுக்குச் சொந்தம். அமெரிக்காவின் பேக்பிளேஸ் என்ற சேமிப்பு நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளில் எத்தனை பழுதாகின்றன என்பதை 2013 முதல் வெளியிட்டு வருகிறது. அதன் கணக்கில் ஆண்டுப் பழுது விகிதம் 2023இல் 1.40 சதவீதம், 2024இல் 1.57 சதவீதம். அந்தப் பட்டியலைப் பார்த்தால், கம்பெனிக்குக் கம்பெனி இருப்பதைப் போலவே ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடலும் பெரிய வித்தியாசம் இருப்பது தெரியும். அவை குளிரூட்டிய அறையில் அசையாமல் ஓடும் டிஸ்க்குகள் என்பதையும் மறக்கக் கூடாது. பைக் பெட்டியில் மண்டபத்துக்கும் ஸ்டூடியோவுக்கும் அலையும் டிஸ்க்கிடம் அந்த விகிதத்தை எதிர்பார்க்க முடியாது.

பழுதாகும் முன் ஏதாவது அறிகுறி காட்டும் என்று நம்பியும் இருக்க முடியாது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் என்ற வசதி பல காலமாக இருக்கிறது. தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் 2007இல் வெளியிட்ட கட்டுரையில், செத்துப்போன டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டவை வெப்பநிலை தவிர எந்த ஸ்மார்ட் அளவீட்டிலும் ஒரு முன்னறிவிப்பும் காட்டவில்லை என்று எழுதியிருந்தார்கள். சாகாத டிஸ்க் என்று ஒன்றைத் தேடிப் பணத்தைக் கொட்டுவதைவிட, எந்த வேலைக்கு எந்த டிஸ்க் என்று பிரித்து, அதே பணத்தில் சுமாரான இரண்டை வாங்குவதே புத்திசாலித்தனம் என்பது என் உறுதியான கருத்து.

முதல் வேலை எடிட்டிங். மூன்று கேமராவையும் ஒரே டைம்லைனில் வைத்து ஓட்ட நொடிக்கு 37.5 எம்.பி. போதும். ஒரு சிறிய வெளி ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120, 130 எம்.பி. தரும். கணக்குப்படி தாராளமாக ஓட வேண்டும். ஆனால் மூன்று ஃபைல்களும் தட்டின் மூன்று வேறு இடங்களில் கிடப்பதால், படிக்கும் முனை இங்கும் அங்கும் ஓடி ஓடியே நேரத்தைத் தொலைக்கிறது. படம் விக்கி விக்கி ஓடுகிறது. ப்ரோரெஸ் 422 ஹெச்.க்யூ. என்றால் 4கே, 25 ஃபிரேமில் ஒரே கேமராவுக்கே நொடிக்குச் சுமார் 92 எம்.பி. வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஹார்ட் டிஸ்க் நிரம்ப நிரம்ப, எழுத்து தட்டின் வெளி விளிம்பிலிருந்து உள்பக்கம் போகப் போக, வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும்.

இதோடு போனால் பரவாயில்லை. 2 டி.பி.யும் அதற்கு மேலும் உள்ள சிறிய வெளி ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்.எம்.ஆர். என்ற முறையில் எழுதுகின்றன. எழுதும் முனை படிக்கும் முனையைவிட அகலமானது. இடத்தை மிச்சப்படுத்த, ஓட்டுவீட்டில் ஒரு வரிசை ஓட்டின் விளிம்பு அடுத்த வரிசையின் மேல் படிந்திருப்பதைப் போல, தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி எழுதுகிறார்கள். புதிதாக எழுதும்போது சிக்கல் இல்லை. நடுவில் ஒரு தடத்தை மாற்ற வேண்டும் என்றால் அதை ஒட்டிய தடங்களையும் படித்து வைத்துக்கொண்டு மறுபடி எழுத வேண்டும். இதைச் சமாளிக்க டிஸ்க் தன் ஒரு பகுதியில் சாதாரண முறையில் எழுதிவிட்டு, ஓய்வு கிடைக்கும்போது இடம் மாற்றி அடுக்கிக்கொள்கிறது. பாதி நிரம்பி, பழையதை அழித்து அழித்துப் பயன்படுத்திய டிஸ்க்கில் 800 ஜி.பி.யை ஒரே மூச்சில் ஏற்றினால் அந்த ஓய்வு கிடைப்பதில்லை. முதல் கொஞ்ச நேரம் நன்றாக ஓடிய காப்பி பிறகு 20, 30 எம்.பி.க்கு இறங்கி நத்தையாக ஊரும். பெட்டி கெட்டுப்போனது என்று பலர் முடிவு கட்டுவது இந்தக் கட்டத்தில்தான்.

இதைத் தயாரிப்பாளர்கள் வெளிப்படையாகச் சொல்லாமல் விற்றார்கள் என்பது 2020 ஏப்ரலில் பெரிய சர்ச்சையானது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசை டிஸ்க்குகளில் சிலவற்றில் இந்த முறை சொல்லாமல் புகுத்தப்பட்டிருந்தது. சீகேட், தோஷிபா மாடல்கள் சிலவற்றிலும் இருந்தது தெரியவந்தது. அதன் பிறகு கணினிக்குள் பொருத்தும் டிஸ்க்குகளுக்கு எது எந்த முறை என்று பட்டியல் போடுகிறார்கள். பழைய முறையின் பெயர் சி.எம்.ஆர். வெளி டிஸ்க்குகளின் அட்டைப்பெட்டியில் இந்த விவரம் பெரும்பாலும் இருக்காது.

எஸ்.எம்.ஆர். டிஸ்க் மோசமானது அல்ல. முடிந்த வேலையை ஒருமுறை எழுதி, மூடி, அலமாரியில் வைக்க அது போதும். அன்றாட எடிட்டிங்குக்கு மட்டும் அதைப் பிடிக்காதீர்கள்.

எடிட்டிங்குக்கு எஸ்.எஸ்.டி.தான். நொடிக்கு 1,000 எம்.பி. என்று அட்டையில் போட்டிருப்பது உண்மைதான், ஆனால் ஆரம்ப ஓட்டத்துக்கு மட்டும். உள்ளே வேகமாக எழுதும் சிறு பகுதி நிரம்பியதும் உண்மையான வேகம் தெரியும். ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும் க்யூ.எல்.சி. வகையில் அது ஹார்ட் டிஸ்க் அளவுக்கோ அதற்கும் கீழோ போகலாம். மூன்று பிட் வைக்கும் டி.எல்.சி. வகை தாங்கும். வாங்கும் முன் அந்த மாடலுக்கு நூற்றுக்கணக்கான ஜி.பி. தொடர்ச்சியாக எழுதிப் பார்த்த சோதனை ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள்.

அதே எஸ்.எஸ்.டி.யை மின்சாரம் இல்லாமல் வருஷக்கணக்கில் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். மின்னூட்டமாக நிற்கும் தகவல் மெல்லக் கசியும். தொழில்துறைத் தர நிர்ணய அமைப்பான ஜெடெக், எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த சாதாரண எஸ்.எஸ்.டி.யிடம் கேட்பது, 30 டிகிரியில் ஓராண்டு தகவலைக் காப்பாற்ற வேண்டும் என்பதை மட்டுமே. புதிய எஸ்.எஸ்.டி. அதைவிட அதிக காலம் தாங்கும். வெப்பம் ஏற ஏற அந்தக் காலம் சுருங்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறையை நினைத்துப் பாருங்கள்.

டிஸ்க்கோடு வந்த கேபிளை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். டைப்-சி என்பது முனையின் வடிவம் மட்டுமே, வேகத்துக்கு உத்தரவாதம் அல்ல. போன் சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள் பெரும்பாலும் யு.எஸ்.பி. 2.0 தான்; அதில் எவ்வளவு விலை உயர்ந்த எஸ்.எஸ்.டி.யும் 40 எம்.பி.யைத் தாண்டாது. பெயர்களும் குழப்பும்: யு.எஸ்.பி. 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் ஒன்றே, 5 ஜிகாபிட். 20 ஜிகாபிட் என்று விற்கும் 3.2 ஜென் 2x2 டிஸ்க்கைப் பெரும்பாலான மேக்புக்குகளில் செருகினால் 10 தான் கிடைக்கும். எண்ணைப் பார்க்காமல் எத்தனை ஜிகாபிட் என்று பாருங்கள்.

சேமித்து வைக்க நான் சிபாரிசு செய்வது, கணினிக்குள் பொருத்தும் 3.5 அங்குல சி.எம்.ஆர். டிஸ்க்கும் ஒரு யு.எஸ்.பி. டாக்கும். சிறிய வெளி டிஸ்க்குகள் சிலவற்றில் யு.எஸ்.பி. முனையை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். சிலவற்றில் அந்த போர்டுதான் தகவலைப் பூட்டியும் வைக்கும். முனை உடைந்தால் உள்ளே டிஸ்க் நலமாக இருந்தும் எளிதில் எடுக்க முடியாது. டாக் கெட்டால் வேறு டாக் வாங்கினால் முடிந்தது. சுழலும் டிஸ்க் என்பதால் ஓடும்போது நகர்த்தக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது காப்பி இல்லாத ஃபுட்டேஜை நான் பத்திரமானதாகக் கருதுவதே இல்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 கணக்கு இதற்கு நல்ல அளவுகோல்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். பிரதிகள் வேறு வேறு மாடலில் இருப்பதும் அவசியம். 2023இல் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம், எக்ஸ்ட்ரீம் ப்ரோ வெளி எஸ்.எஸ்.டி.களில் ஃபைல்கள் திடீரென மறைவதாகப் புகார்கள் குவிந்தன. அப்போது அதன் தாய் நிறுவனமாக இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட்டது. அமெரிக்காவில் வழக்குகளும் வந்தன. ஒரே மாடலில் இரண்டு வாங்கி இரண்டிலும் ஏற்றியவருக்கு, இரண்டும் சேர்ந்தே போகும் அபாயம் இருந்தது. வாரன்டி இதற்கு உதவாது. அது புது டிஸ்க் தரும், ஃபுட்டேஜைத் தராது.

கார்டிலிருந்து இழுத்துப் போடுவதையும் விட்டுவிடலாம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே க்ளோன் டூல் இருக்கிறது. விண்டோஸில் டெராகாப்பி இருக்கிறது. இவை ஏற்றிய பிறகு இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு ஃபைலும் பிசகில்லாமல் வந்ததா என்று சொல்லும். மேக்கிலும் விண்டோஸிலும் ஓட வேண்டும் என்று எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தால், இஜெக்ட் செய்யாமல் பிடுங்குவது மற்ற ஃபார்மேட்டுகளைவிட ஆபத்து. எழுதும் நடுவில் மின்சாரம் போனாலும் அப்படியே. டெஸ்க்டாப்பும் டாக்கும் யு.பி.எஸ்.ஸில் இருக்கட்டும்.

நம்ப முடியாத விலையில் இணையத்தில் வரும் 16 டி.பி. எஸ்.எஸ்.டி.யைத் தொடாதீர்கள். உள்ளே ஒரு மெமரி கார்டு இருக்கும். கொள்ளளவு அதிகம் என்று கணினியிடம் பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதும். எந்தப் புது டிஸ்க்கையும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்த பிறகே ஷூட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். இரவு முழுக்க ஓடும், ஓடட்டும்.

ஃபுட்டேஜை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்பதை முன்பணம் வாங்கும்போதே கொட்டேஷனில் எழுதிக் கொடுங்கள். ஆறு மாதமோ ஓராண்டோ, அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் வீட்டார் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுக்கட்டும், அதில் முழுவதையும் சரிபார்த்து ஏற்றிக் கொடுத்துவிடலாம். வேறு இடத்தில் இருக்க வேண்டிய அந்த மூன்றாவது பிரதியும் அப்போது அவர்கள் வீட்டிலேயே இருக்கும்.