தலைமாட்டில் அரையடி உயரம்

நாள் முழுக்க நின்றும் நடந்தும் களைத்த ஒருவர் மல்லாந்து படுத்ததும், கால்களிலும் வயிற்றிலும் தங்கியிருந்த ரத்தத்தில் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் வரை நெஞ்சுக்கு வந்து சேர்கிறது. குடலும் கல்லீரலும் உதரவிதானத்தை மேலே தள்ளுகின்றன. மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் மிச்சமிருக்கும் காற்று, நின்றபோது இருந்ததைவிட அரை லிட்டருக்கு மேல் குறைந்துவிடுகிறது. நாக்கின் அடிப்பகுதி தொண்டைப் பக்கம் சரிகிறது. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம்கூடச் சற்று ஏறுகிறது. நலமாக இருக்கும் உடல் இவை எல்லாவற்றையும் சத்தமில்லாமல் சமாளித்துக்கொண்டு தூங்கிவிடும். நோயுற்ற உடலுக்குப் படுக்கை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது பெரிய விஷயம்.

இதைத் தெளிவாக எழுதி வைத்தவர் ஓர் அறுவை மருத்துவர். நியூயார்க் நகரத்தின் ப்ரூக்ளினில் பணியாற்றிய ஜார்ஜ் ரையர்சன் ஃபவுலர். 1900ஆம் ஆண்டில் ஆன்டிபயாட்டிக் கிடையாது. குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவினால் பிழைப்பது அரிது. அந்தச் சீழ் உதரவிதானத்தை ஒட்டித் தேங்கினால் நஞ்சு வேகமாக ரத்தத்தில் கலக்கும், இடுப்புக்குழிக்கு இறங்கிவிட்டால் மெதுவாகத்தான் கலக்கும், குழாய் வைத்து வெளியேற்றவும் வசதி என்று அவர் கணித்தார். கத்தியால் செய்ய முடியாததைப் புவியீர்ப்பைக் கொண்டு செய்யலாம் என்று நோயாளிகளின் தலையையும் உடற்பகுதியையும் உயர்த்திவைத்தார். அப்படிக் கவனித்த ஒன்பது பேர் அடுத்தடுத்துப் பிழைத்ததை அதே ஆண்டு கட்டுரையாக வெளியிட்டார். குடல்வால் நோயைப் பற்றித் தனி நூலே எழுதிய அவர், 1906இல் அதே நோய்க்குப் பலியானார்.

ஃபவுலரின் முறையில் ஒரு தொல்லை இருந்தது. சாய்வான கட்டிலில் நோயாளி கால்மாட்டுக்கு வழுக்கிக்கொண்டே போவார். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த வில்லிஸ் கேட்ச் என்ற இளம் மருத்துவர் 1909இல் இதற்கு விடை தந்தார். கட்டில் சட்டத்தைப் பகுதிகளாக வெட்டிக் கீல் வைத்து, முதுகுப் பகுதியோடு முழங்கால் பகுதியும் உயரும்படி செய்தார். மடித்த முழங்கால் உடலை வழுக்காமல் பிடித்துக்கொண்டது. இன்றும் நம் ஊர் மருத்துவமனைகளில் கால்மாட்டில் இரண்டு கைப்பிடிகளோடு நிற்பது அந்தக் கட்டில்தான். ஒன்றைச் சுழற்றினால் முதுகு உயரும், மற்றதைச் சுழற்றினால் முழங்கால் உயரும். 'ஃபவுலர் காட்' என்ற பெயரில்தான் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். கடைகளில் ரிமோட்டோடு வரும் மோட்டார் கட்டில் அதன் வாரிசு.

இந்தச் சாய்வால் யாருக்கு நன்மை? முதலில் இதயம் தளர்ந்தவர்களுக்கு. "ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுக்கிறீங்க?" என்று இதய மருத்துவர்கள் கேட்பார்கள். 'இரண்டு தலையணை', 'மூன்று தலையணை' என்று பதிலை அப்படியே நோய்க்குறிப்பில் எழுதுவதும் உண்டு. படுத்ததும் நெஞ்சுக்கு வந்து சேரும் அந்தக் கூடுதல் ரத்தத்தைத் தளர்ந்த இதயத்தால் இறைக்க முடிவதில்லை. நுரையீரல் நாளங்களில் அழுத்தம் ஏறி நீர் கசிகிறது, மூச்சு முட்டுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தால் ரத்தம் மறுபடி கீழே இறங்குகிறது, மூச்சும் சீராகிறது. சாய்வு நாற்காலியிலேயே இரவைக் கழித்த முதியவர்கள் நம் வீடுகளில் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்கு மூச்சு விட இடம் கொடுத்தது அந்தக் கோணம்தான்.

அடுத்தது நெஞ்செரிச்சல். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. அது தளர்ந்தவர்கள் மட்டமாகப் படுப்பது, மூடி சரியாக இறுகாத தண்ணீர் பாட்டிலைக் கிடத்திவைப்பது போல. புளிப்பு எதுக்களித்துத் தொண்டை வரை வரும். பகலில் உமிழ்நீரும் அடிக்கடி விழுங்குவதும் அமிலத்தைக் கழுவிவிடும். தூக்கத்தில் இரண்டும் குறைந்துபோவதால் வந்த அமிலம் வெகுநேரம் அங்கேயே தங்கிப் புண்ணாக்கும். இரவுத் தொல்லை உள்ளவர்களிடம் தலைமாட்டை 15 முதல் 20 செ.மீ. உயர்த்தச் சொல்வது இதனால்தான். தலையணைகளை அடுக்குவது இதற்கு ஈடாகாது. கழுத்தும் இடுப்பும் மடிந்து வயிறு நசுங்குவதால் எதுக்களிப்பு கூடவும் செய்யலாம். இடுப்பிலிருந்து மேலே முழு உடலும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இன்னும் நல்லது.

இரண்டு மீட்டர் நீளக் கட்டிலில் அரையடி உயர்த்தினால் கிடைக்கும் சாய்வு ஏறக்குறைய 4.4 டிகிரிதான். இவ்வளவு சிறிய கோணம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். விண்வெளி ஆய்வாளர்களைக் கேட்டால் சொல்வார்கள். எடையின்மையில் உடல் படும் பாட்டைப் பூமியிலேயே ஆராய, ஆரோக்கியமான ஆட்களைத் தலை தாழ்ந்த கட்டிலில் வாரக்கணக்கில் படுக்கவைக்கிறார்கள். அதற்குத் தேர்ந்தெடுத்திருக்கும் கோணம் 6 டிகிரி. அதற்கே முகம் உப்புகிறது, உடல்நீர் தலைப்பக்கம் நகர்கிறது, ரத்த ஓட்டம் விண்வெளி வீரர்களுடையதைப் போல மாறத் தொடங்குகிறது.

குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்க நோயிலும் இதே கணக்கு வேலை செய்கிறது. தலைமாட்டை 7.5 டிகிரி உயர்த்திப் பார்த்த ஓர் ஆய்வில், மூச்சுத் தடை சராசரியாக மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. பகலெல்லாம் கால்களில் தேங்கும் நீர், படுத்ததும் கழுத்துப் பக்கம் நகர்ந்து மூச்சுப்பாதையை நெருக்குகிறது என்று டொரன்டோ ஆய்வாளர்கள் காட்டியதும் இதோடு சேர்கிறது. கால் வீக்கத்துக்கும் குறட்டைக்கும் உறவிருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்! ஆனால் நோய் கடுமையாக இருப்பவர்கள் மூச்சுப்பாதைக்குள் அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் சிபாப் கருவியை ஒதுக்கிவிட்டுச் சாய்வை மட்டும் நம்பக் கூடாது.

இன்னொரு சான்று தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்தது. பார்சிலோனாவில் செயற்கைச் சுவாசத்தில் இருந்த 86 பேரிடம் நடந்த ஆய்வு 1999இல் வெளியானது. மட்டமாகக் கிடந்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு நிமோனியா அறிகுறிகள் தெரிந்தன. 45 டிகிரி நிமிர்த்தப்பட்டவர்களில் 8 சதவீதம் பேருக்குத்தான். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள்.

அதற்காக நிமிர்த்திக்கொண்டே போகவும் முடியாது. முதுகுப் பகுதி 30 டிகிரிக்கு மேல் போனால் உடல் எடை இடுப்பெலும்பின் மேல் இழுபட்டு, தோல் ஒரு பக்கமும் சதை ஒரு பக்கமும் உராய்ந்து படுக்கைப்புண் வரக்கூடும். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வோர் இதை மனதில் வைக்க வேண்டும். முழங்காலை முதலில் உயர்த்திவிட்டுப் பிறகு முதுகை உயர்த்துவதும், அடிக்கடி புரட்டிப் படுக்கவைப்பதும் அவசியம்.

விற்பனை விளம்பரங்களில் வரும் 'ஜீரோ கிராவிட்டி' பொத்தானுக்கு ஒரு வரலாறு உண்டு. ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் வீரர்கள் தசைகளைத் தளர்த்தி மிதந்தபோது இடுப்பும் முழங்காலும் தாமாகவே லேசாக மடங்கின. அந்த நிலையைக் கட்டிலில் பாவனை செய்கிறார்கள். இடுப்புத் தண்டுவடப் பாதை குறுகி வலிப்பவர்களுக்கு இப்படி மடங்கிப் படுப்பது இதமாக இருக்கலாம். ஆனால் புவியீர்ப்பு எங்கும் போய்விடுவதில்லை. எல்லா முதுகுவலியையும் மோட்டார் கட்டில் தீர்க்கும் என்று சொல்லப் போதுமான சான்று இல்லை.

என் தீர்ப்பு இது: மருந்து கோணத்தில் இருக்கிறது, மோட்டாரில் இல்லை. எழுந்து உட்காரவே இன்னொருவர் கை தேவைப்படுகிறவருக்கு மோட்டார் கட்டில் பெரிய விடுதலை, அதற்குச் செலவிடுவது நியாயம். நெஞ்செரிச்சலுக்கு மட்டும் என்றால் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் அகலமான, நழுவாத மரக்கட்டைகள் போதும். சில வாரம் அப்படித் தூங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆனால் நேற்றுவரை மட்டமாகப் படுத்துத் தூங்கியவருக்கு இப்போது தலையை உயர்த்தாமல் தூங்க முடியவில்லை என்றால், கட்டில் கடைக்குப் போகாதீர்கள். நடுஇரவில் மூச்சுமுட்டி எழுந்து உட்கார்ந்தாலும், கால் வீங்கினாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். இதயம் தளர்கிறதா என்பதைக் கண்டறிய ஈசிஜியும் எக்கோ பரிசோதனையும் உதவும்.